கோழி மருந்துப் பை: எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்

வடசென்னையில் கால்நடை மருந்துக் கடைக்குப் போய், "அண்ணே, கோழி தூங்குதுண்ணே, வெள்ளையா கழியுது" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி வராது. கவுன்டர் மேல் ஒரு பை வரும். அதில் என்ரோஃப்ளாக்சசின் சொட்டு ஒரு பாட்டில், ஆம்ப்ரோலியம் பொடி ஒரு பாக்கெட், பி-காம்ப்ளெக்ஸ் டானிக், குடற்புழு மருந்து இருக்கும். செல்லு இருக்கிறது என்றும் சொல்லியிருந்தால் டெல்டாமெத்ரின் ஒரு பாட்டில் கூடவே வரும். "எல்லாத்தையும் தண்ணியில கலந்து குடு, ரெண்டு நாள்ல எழுந்துடும்" என்பதுதான் கிடைக்கும் ஆலோசனை. வியாசர்பாடியில் மொட்டைமாடியில் 10 நாட்டுக்கோழி வளர்ப்பவருக்கும், எண்ணூர்ப் பக்கம் கொல்லையில் சேவல் கட்டி வைத்திருப்பவருக்கும் ஒரே பைதான்.

அந்தப் பையில் உள்ள ஒவ்வொன்றையும் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பார்ப்பதுதான் இந்த விமர்சனம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பையில் உள்ள எந்த மருந்தும் மோசமானதல்ல. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் ஒன்று இன்னொன்றைக் கெடுக்கும். கோழிக் கூட்டத்தையே காப்பாற்றும் பொருளோ அந்தப் பையில் இருப்பதே இல்லை. அது கடையின் ஃபிரிட்ஜில் இருக்கிறது, கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு ராத்திரி செலவாகும். கோழி அடையும் இடத்துக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் எச்சத்தைப் பாருங்கள். பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பி போட்டது போல இருந்தால் கோழி நலம். நடுநடுவே சாக்லேட் நிறத்தில் பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு ஒன்று கிடக்கும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, நோயில்லை. அதைப் பார்த்துப் பயந்து மருந்து வாங்குபவர்கள் நிறைய. பச்சையாகத் தண்ணீர் போலக் கிடந்தால், இரை எடுக்காத கோழியின் பித்தம் அப்படி வரும். பச்சை நிறம் மட்டும் எந்த நோய் என்று சொல்லாது. வெள்ளையும் அப்படித்தான். அது சிறுநீர் உப்பு, தீனி தின்னாத எந்தக் கோழிக்கும் வெள்ளை அதிகமாகத் தெரியும். வெள்ளைக் கழிச்சல் என்ற பெயரே பலரை ஏமாற்றுகிறது. பெரிய கோழியில் அந்தப் பெயர் ராணிக்கெட் வைரஸைக் குறிக்கிறது. பொரித்து இரண்டு வாரம்கூட ஆகாத குஞ்சின் ஆசனவாயில் வெள்ளையாக ஒட்டிக் காய்ந்திருந்தால் அது சால்மோனெல்லா பாக்டீரியாவாக இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அதனால் எச்சத்தோடு சேர்த்து மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: வயது எத்தனை வாரம், ஒன்று விழுந்ததா வரிசையாக விழுகிறதா, மூச்சும் கழுத்தும் எப்படி இருக்கின்றன. காலையில் கழுத்தடியில் உள்ள இரைப்பையை (தீனிப்பை) விரலால் தொட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்கப் பட்டினி இருந்த கோழிக்கு அது காலியாக இருக்க வேண்டும். பழைய சோறு உருண்டையாகக் கெட்டித்துப் போயிருந்தால் சிக்கல் அங்கேதான், வைரஸ் என்று அலைய வேண்டாம்.

இனி பைக்குள்.

என்ரோஃப்ளாக்சசின் 10 சதவீதம். கடைக்காரருக்கு மிகப் பிடித்த மருந்து இது. பாக்டீரியாவுக்கு நல்ல மருந்து. மூக்கொழுகல், கண்ணில் நுரை, ராத்திரியில் காதை வைத்தால் கொர்கொர் என்று கேட்கும் மைக்கோபிளாஸ்மா சளி, ஈ.கோலை தொற்று, கோழிக் காலரா ஆகியவற்றில் வேலை செய்யும். ராணிக்கெட்டுக்கும் அம்மைக்கும் பறவைக் காய்ச்சலுக்கும் ஒரு துளிகூட வேலை செய்யாது, அவை வைரஸ். வைரஸில் விழுந்த கோழிக்கு இரண்டாம் கட்டமாக வரும் பாக்டீரியாவைத் தடுக்கலாம், அவ்வளவுதான்.

தண்ணீரில் கலக்கும் அளவு லிட்டருக்கு அரை மி.லி., 3 முதல் 5 நாள். ஆனால் தூங்கும் கோழி தண்ணீர் குடிக்காது. நல்ல கோழிகள் குடித்துவிடும், மருந்து வேண்டாததற்கெல்லாம் போய்ச் சேரும், நோய்ப்பட்டதற்கு மட்டும் கிடைக்காது. அதனால் நோய்ப்பட்டதற்கு நேரடியாக ஊற்றுவதே சரி: உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.1 மி.லி. ஒன்றரைக் கிலோ பெட்டைக்கு 0.15 மி.லி., ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் அளந்து, ஒரு மி.லி. தண்ணீரில் கலந்து, அலகின் ஓரத்தில் துளித்துளியாக. நாக்குக்குப் பின்னால், அது தொடங்கும் இடத்தில் தெரியும் சிறு ஓட்டைதான் மூச்சுக்குழலின் வாய். அதற்கு நேராக ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போய் அதுவே கொன்றுவிடும்.

இன்னொன்று கவனிக்க வேண்டும். இந்த மருந்தைச் சுண்ணாம்புச் சத்து பிடித்துக்கொள்ளும். உப்பும் கடினமும் ஏறிய போர்த் தண்ணீர் உள்ள வீடுகளில், கிளிஞ்சல் தூளும் முட்டை ஓடும் தீனியில் கலந்து போடுகிற வீடுகளில், பாட்டில் காலியாகும், பலன் குறையும். மருந்து தரும் நாட்களில் கிளிஞ்சலை எடுத்துவிடுங்கள், கேன் தண்ணீரில் கலந்து தாருங்கள். அந்த நாட்களிலும், நிறுத்திய பிறகு மருத்துவர் சொல்லும் காலம் வரையிலும், முட்டையை வீட்டில் யாரும் சாப்பிடாதீர்கள். மருந்து முட்டையில் இறங்கும். எந்த நோய் என்று தெரியாமல் இதை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு.

கூடவே, எந்தக் கோழி மருந்தை வாங்கினாலும் லேபிளில் கொலிஸ்டின் என்ற பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கும் கோழிக்கும் அதை மத்திய அரசு 2019-இல் தடை செய்தது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்து அது. பழைய பாட்டில் யாராவது எடுத்துத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆம்ப்ரோலியம் பொடி. பையில் உள்ள மருந்துகளில் மதிப்பு மிக்கது இதுதான். ஐப்பசி கார்த்திகை மழையில், சாக்கும் தவுடும் நனைந்து கிடக்கும் கூண்டில், 3 முதல் 8 வாரக் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி நின்று, எச்சத்தில் ரத்தம் கலந்து வந்தால், அது ரத்தக் கழிச்சல். கொண்டை வெளுத்துப்போகும். இது குடலில் வளரும் ஒட்டுண்ணியால் வருவது. ஈரமும் சூடும் இருந்தால் எச்சத்தில் வெளிவரும் அதன் முட்டைக்கூடு ஓரிரு நாளில் தொற்றக்கூடியதாக மாறிவிடும். ஆகவே மருந்தைவிட முன்னால், கீழே போட்ட படுக்கை முழுவதையும் அன்றே அள்ளி எடுத்து, காய்ந்த உமி போட வேண்டும். அதைச் செய்யாமல் பொடி மட்டும் கலந்தால், குணமான குஞ்சு மறுபடி தின்பது அதே ஈர எச்சத்தைத்தான்.

20 சதவீதப் பொடி என்றால் அளவு இப்படி: நோய் முற்றியிருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், 3 முதல் 5 நாள்; பிறகு லிட்டருக்கு 0.3 கிராம், ஒன்று முதல் இரண்டு வாரம். பாக்கெட்டில் வேறு சதவீதம் போட்டிருந்தால் கணக்கு மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். "ஒரு ஸ்பூன்" என்று சொல்வதை ஏற்காதீர்கள். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு எடை. நகைக் கடைகளில் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வைத்தால் இந்த ஒரு மருந்துக்கே உபயோகமாகும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். பெரிய கோழி ஒன்று நாளுக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும், சித்திரை வெயிலில் இன்னும் அதிகம், குஞ்சுகள் அதில் ஒரு பங்குதான். அதற்குத் தக்கபடி கலந்தால் வீணாகாது. மருந்துத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் எங்கும் இருக்கக் கூடாது. மாடியில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையும், செடித் தொட்டி அடித்தட்டையும் மறந்துவிடுகிறார்கள். குஞ்சு அங்கே போய்க் குடித்துவிடும்.

இப்போது பையின் பெரிய தவறுக்கு வருவோம். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே, பார்ப்பதற்கு வைட்டமின் பி1 போல இருந்துகொண்டு அந்த ஒட்டுண்ணியை ஏமாற்றுவதால். அதனுடன் அதே தண்ணீரில் பி-காம்ப்ளெக்ஸ் டானிக்கை ஊற்றினால், உண்மையான பி1 ஒட்டுண்ணிக்கும் போய்ச் சேரும், மருந்து தோற்கும். ஒரே பையில் இரண்டையும் போட்டு "கலந்து குடு" என்பது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது. டானிக்கைத் தூக்கி எறிய வேண்டாம். ஆம்ப்ரோலியம் முடிந்த பிறகு, கோழி தேறும் வாரத்தில் அதைக் கொடுங்கள், அங்கே அது நன்றாக உதவும். ரத்தம் போகும் நாட்களில் வைட்டமின் கே உதவும், அது டானிக்கில் உள்ள பி அல்ல.

குடற்புழு மருந்து அவசரத்துக்கு உரியதே அல்ல. நோய்ப்பட்டுத் துவண்டு கிடக்கும் கோழிக்கு அன்றே புழு மருந்து கொடுப்பது கூடுதல் சுமை. இளைப்பு, முட்டை குறைவு, நெஞ்செலும்பு கத்தி போலத் தெரிவது, எச்சத்தில் சேமியா போல வெள்ளைப் புழு, இவை இருந்தால் அல்பெண்டசோல் 2.5 சதவீதம் கிலோவுக்கு 0.4 மி.லி. போதும். இறகு உதிர்த்து முளைக்கும் காலத்தில் அதைத் தவிருங்கள், புது இறகு கோணலாக வரும். அடைக்கு முட்டை வைக்கப்போகும் பெட்டைக்கும் வேண்டாம்.

டெல்டாமெத்ரின், கூண்டுக்கு. கோழி மேல் ஓடும் பேன், செல்லு கண்ணுக்குத் தெரியும். தெரியாத எதிரி உண்ணி. பகலில் கூண்டுப் பலகை இடுக்கிலும் செங்கல் விரிசலிலும் பதுங்கி, ராத்திரியில் ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். கோழி மேல் தேடினால் கிடைக்காது. ராத்திரி 11 மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த உண்ணி ஒரு பாக்டீரியாக் காய்ச்சலையும் பரப்பும், கோழி பச்சைக் கழிச்சலோடு கால் இழுத்துச் சாகும். அதைப் பார்த்து ராணிக்கெட் என்று முடிவுகட்டுகிறார்கள். ஆனால் அதற்குப் பென்சிலின் கேட்கும், கால்நடை மருத்துவர் போட்டால் கோழி பிழைக்கும். டெல்டாமெத்ரினை லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. கலந்து, கோழிகளை வெளியே விட்டுவிட்டு, இடுக்குகளில் நனையும்படி அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. மீன் தொட்டி வைத்திருக்கும் வீட்டில் அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள், மீனுக்கு இது விஷம்.

கொசுப் பருவத்தில் கொண்டையிலும் கண் ஓரத்திலும் மரு போலத் தடித்துக் கருத்தால் அது அம்மை. பக்கிங்காம் கால்வாய் ஓரத்துத் தெருக்களில் மழைக்குப் பிறகு இதைத் தவிர்ப்பது கஷ்டம், கொசுதான் கொண்டுவருகிறது. பையில் இதற்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை. பொருக்கைப் பிய்க்காமல் வேப்பிலை மஞ்சள் பூசி, கண் மூடிப்போகாமல் துடைத்து, தீனியை வாயருகே வைத்தால் பெரும்பாலானவை மூன்று நான்கு வாரத்தில் தேறும். வாய்க்குள் மஞ்சள் படலம் படிந்தால்தான் ஆபத்து. கூண்டுக்குக் கொசுவலை போடுவது எந்தப் பாட்டிலையும்விட மேல்.

இப்போது ஃபிரிட்ஜில் இருக்கும் பொருள்: ராணிக்கெட்டைத் தடுக்கும் லசோட்டா சொட்டு மருந்து. ராணிக்கெட்டுக்குத் தடுப்பூசி போடாத கூட்டத்தில் நோய் நுழைந்தால், மூன்று நான்கு நாளில் கூண்டே காலியாகலாம். கழுத்து திருகி, வானத்தைப் பார்த்தபடி சுற்றி, ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே நீட்டிக்கொண்டு விழுந்த கோழியை எழுப்பும் மருந்து உலகத்தில் எங்கும் கிடையாது. வடசென்னையில் இந்த நோய் நுழைய இன்னொரு வழியும் இருக்கிறது. கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே புறாக்கூண்டு. புறாவுக்குக் கழுத்து திருகினால் அது இதே வைரஸின் இன்னொரு வடிவமாக இருக்கலாம். புறா எச்சம் விழும் மாடியில் தடுப்பு மருந்து போடாமல் கோழி வைப்பது நெருப்புப் பக்கத்தில் வைக்கோல் போடுவது.

குப்பியை வாங்கும்போதே சோதனை தொடங்குகிறது. அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும். கடையில் மேசை மேல் வைத்திருந்தால் வாங்காதீர்கள். ஐஸ் கட்டி போட்ட டப்பாவோ ஃபிளாஸ்கோ எடுத்துக்கொண்டு போங்கள். பாலித்தீன் பையில் போட்டு மே மாதம் பேருந்தில் கொண்டுவந்த குப்பியில் வைரஸ் செத்திருக்கும், கோழிக்கு வெறும் தண்ணீர்தான் போகும். உள்ளே சின்ன வில்லை போலக் காய்ந்த மருந்து, கூடவே கரைக்கும் திரவம். திரவத்தைச் சிரிஞ்சில் எடுத்து ரப்பர் மூடியில் குத்தியதும், அழுத்தாமலே அது தானாக உள்ளே உறிஞ்சப்பட வேண்டும். உறிஞ்சவில்லை என்றால் காற்று ஏற்கெனவே உள்ளே போய்விட்டது, அந்தக் குப்பியை நம்பாதீர்கள். குலுக்கி அடிக்காமல் மெதுவாக உருட்டிக் கரையுங்கள்.

கோழியைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கண்ணில் ஒரு சொட்டு. 100 டோஸ் குப்பிக்கு 3 மி.லி. திரவம் என்றால் ஒரு சொட்டு 0.03 மி.லி. சொட்டு கண்ணில் விழுந்ததும் விட்டுவிடாதீர்கள். மேல் இமையும் கீழ் இமையும் ஒருமுறை மூடித் திறந்து, கண்ணின் மேல் பளபளத்த அந்தத் துளி உள்ளே இறங்கி மறையும் வரை பிடித்திருங்கள். தலையை உதறித் தெறித்துவிட்டால் இன்னொரு சொட்டு. குப்பி முழு நேரமும் ஐஸ் மேல் இருக்க வேண்டும், கரைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். கையைக் கண்ணில் வைக்காதீர்கள், மனிதருக்குக் கண் சிவக்கும். வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவினால் போதும்.

முதல் சொட்டு 5 முதல் 7 நாள் குஞ்சுக்கு, இரண்டாவது நான்கு வாரத்தில். எட்டு வாரத்துக்குப் பிறகு ஆர்.டி.வி.கே. என்ற ஊசி, 0.5 மி.லி. இறக்கைக்கு அடியில் தோலுக்குள். இது வீரியம் கூடியது. ஆறு வாரத்துக்குக் கீழே உள்ள குஞ்சுக்குப் போட்டால் ஊசியே நோயைக் கொடுத்துவிடும். முட்டையிடும் கோழிக்குச் சில நாள் முட்டை குறையும். ஏற்கெனவே தூங்கும் கோழிக்கு எதையும் போடாதீர்கள். சொட்டு போட்ட இரண்டு வாரம் கழித்துத்தான் எதிர்ப்பு நன்றாகப் பிடிக்கும், ஆகவே தெருவில் சீக்கு வந்த பிறகு ஓடிப்போய் வாங்குவதில் பயன் குறைவு. வெயில் ஏறும் முன்னால், தை மாசி வாக்கில் முடித்துவிட வேண்டும். கால்நடைத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவதும் பிப்ரவரியில்தான், காரணம் இதுவே.

தண்ணீரில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மெட்ரோ தண்ணீரில் உள்ள குளோரின் இந்த வைரஸைக் கொன்றுவிடும். வேறு வழியே இல்லையென்றால் கொழுப்பு நீக்கிய பால்பொடி லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து, அரைமணி விட்டு, பிறகு மருந்து கலக்கலாம். ஆனால் பத்து இருபது கோழிக்குச் சொட்டே நல்லது, எந்தக் கோழி குடித்தது எது குடிக்கவில்லை என்ற சந்தேகம் வராது.

கடைக்குப் பதிலாகப் போக வேண்டிய இடம் ஒன்றும் வடசென்னையிலேயே இருக்கிறது. மாதவரம் பால்பண்ணையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மத்திய ஆய்வகம் உள்ளது. செத்த கோழியை அறுத்துப் பார்த்து, என்ன நோய் என்று சொல்வது அவர்கள் வேலை. ராணிக்கெட் என்றால் சுரப்பி இரைப்பையின் உட்புறத்தில் குண்டூசி முனை அளவு ரத்தப் புள்ளிகள் தெரியும், ரத்தக் கழிச்சல் என்றால் குருட்டுக்குடலில் ரத்தக் கட்டி. ஐந்து பாட்டில் வாங்கிக் குருட்டாம்போக்கில் ஊற்றுவதைவிட, விழுந்த முதல் கோழியை அங்கே கொண்டுபோவது மீதி ஒன்பதுக்குச் செய்யும் பெரிய உதவி. இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் மேல் வைத்து, அன்றே கொண்டுபோங்கள். ஃபிரீசரில் உறைய வைத்தால் திசு உடைந்து பாதி விஷயம் தெரியாமல் போகும். உயிரோடு இருக்கும் கோழிக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் கொண்டை நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, ஒரே நாளில் பல கோழிகள் விழுந்தால் எதையும் தொட்டு அறுக்கவோ எடுத்துக்கொண்டு அலையவோ வேண்டாம். அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் வரும் வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

லசோட்டாவில் எங்களுக்கு இருக்கும் ஒரே குறை, குப்பி 100 டோஸ். பத்துக் கோழி வைத்திருப்பவர் 90 டோஸைக் கொட்ட வேண்டியிருக்கும், மறுநாளைக்கு வைக்க முடியாது. அதனால்தான் பலர் வாங்குவதே இல்லை. இதற்குத் தெருவில் வழி இருக்கிறது. குப்பி விலையைப் பங்கு போட்டால் வீட்டுக்கு டீ காசு அளவுதான் வரும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கோழிகள் அடைந்த பிறகு, பிடிப்பது சுலபம். யார் வீட்டில் எத்தனை கோழி, எத்தனை குஞ்சு என்று முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். நோய் இருக்கும் வீட்டைக் கடைசியில்கூட வைத்துக்கொள்ளாதீர்கள், அந்த வீட்டுக்குள் அன்றைக்குப் போகவே வேண்டாம். ஒருவர் பிடிக்க, ஒருவர் சொட்டு போட, ஒருவர் ஐஸ் டப்பாவோடு நிற்க, ஆறு மணிக்குக் கரைத்தால் எட்டு மணிக்குள் ஏழெட்டு வீட்டைச் சுற்றிவிடலாம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பையும் கையையும் பிளீச்சிங் தண்ணீரில் நனைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். மிச்சம் இருக்கும் மருந்தையும் காலிக் குப்பியையும் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டெடுத்த பிறகே குப்பையில் சேருங்கள்.